எண்ணெய் குறைந்தால் முதல் லிட்டர் யாருக்கு? கொழும்பு, யாழ்ப்பாணம், ஹவானா சொல்லும் பாடம்

உங்கள் பைக்குக்கு வாரத்துக்கு 4 லிட்டர் பெட்ரோல்தான். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. நாளைக்கே இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வீட்டிலிருந்து ஆபீஸ் 20 கி.மீ. போக, வர 40. வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிறது. 4 லிட்டருக்கு 180 கி.மீ. அப்படியென்றால் திங்கள் முதல் வியாழன் வரை பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை காலையும் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பி வரத்தான் பெட்ரோல் இருக்காது. கடைக்குப் போவது, நண்பனைப் பார்க்கப் போவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இது சும்மா கற்பனை இல்லை. 2022 ஜூலையில் இலங்கையில் 'தேசிய எரிபொருள் அட்டை' என்ற பெயரில் கியூஆர் கோடு முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்டது இதே 4 லிட்டர்தான். பங்கில் போனை நீட்டி கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த வார ஒதுக்கீடு முடிந்துவிட்டால், கையில் காசு இருந்தும் பயனில்லை.

'எண்ணெய் எப்போது தீரும்?' என்பது பல வருடங்களாக நாம் கேட்டுவரும் கேள்வி. ஆனால் எண்ணெய் ஒரே நாளில் தீராது. அது குறையும். குறையும்போது முதலில் வருவது காலி டேங்க் இல்லை, நீளமான வரிசை. அந்த வரிசையில் முன்னால் நிற்பது யார், கடைசியில் நிற்பது யார் என்பதுதான் ஒரு சமூகத்தையே மாற்றிப்போடுகிறது. இதை ஏற்கெனவே வாழ்ந்து பார்த்த மூன்று ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு மிகப் பக்கத்தில்.

எண்ணெய் நிஜமாகவே தீர்ந்துகொண்டிருக்கிறதா?

உலகம் ஒரு நாளைக்கு சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெய் பயன்படுத்துகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். இது தோண்டத் தோண்ட ஊறுகிற தண்ணீர் இல்லை. எடுத்தால் குறையும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எப்போது, எவ்வளவு வேகமாக என்பதில்தான் சண்டை.

1956-ல் அமெரிக்கப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சத்தைத் தொட்டு அதன் பிறகு இறங்கும் என்று கணித்தார். சொன்ன மாதிரியே 1970-ல் உச்சம் வந்தது, பிறகு இறங்கியது. 'அவ்வளவுதான், கதை முடிந்தது' என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் பாறை இடுக்குகளில் சிக்கியிருக்கும் ஷேல் எண்ணெயை எடுக்கும் தொழில்நுட்பம் வளர்ந்தது. 2018-ல் அமெரிக்கா தன் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது.

அப்போ பயப்பட ஒன்றுமில்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சுலபமாகக் கிடைக்கும் வழக்கமான கச்சா எண்ணெயின் உற்பத்தி 2008-லேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-ல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது. அதற்குப் பிறகு நாம் கூடுதலாகப் பயன்படுத்தியதில் பெரும்பகுதி, எடுப்பதற்குக் கஷ்டமான, செலவு அதிகமான எண்ணெய். ஷேல் கிணறுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் ஓரிரு வருடங்களிலேயே அவற்றின் உற்பத்தி வேகமாகச் சரிந்துவிடும். புதிது புதிதாகத் தோண்டிக்கொண்டே இருந்தால்தான் அளவு நிற்கும்.

ஆக, கிணறுகள் எல்லாம் ஒரே நாளில் வற்றப்போவதில்லை. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பது அரிதாகும், விலை எகிறும், இறங்கும், மறுபடி எகிறும். ஒவ்வொரு முறை எகிறும்போதும், வாங்க முடியாதவர்கள் சந்தையிலிருந்து வெளியே தள்ளப்படுவார்கள். முதலில் ஏழை நாடுகள். அந்த நாடுகளுக்குள் முதலில் ஏழைகள்.

இலங்கையில் நடந்தது இதுதான்.

கிணறு வற்றவில்லை, கல்லா காலியானது

2022-ல் உலகத்தில் எண்ணெய் இருந்தது. இலங்கையிடம் அதை வாங்க டாலர் இல்லை. சொந்தமாக எண்ணெய் எடுக்காத நாடு அது. கொரோனாவில் சுற்றுலா வருமானம் படுத்துவிட்டது. வரிக் குறைப்பால் அரசின் வருவாய் சுருங்கியது. கடன் தவணைகள் கழுத்தை நெரித்தன. அந்தச் சமயம் பார்த்து, பிப்ரவரியில் ரஷ்யா - யுக்ரேன் போர் தொடங்கி எண்ணெய் விலை பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியது.

ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிபொருள் கப்பல்கள் வந்து கடலிலேயே காத்து நின்றன. பணம் கட்டினால்தான் சரக்கு இறங்கும்.

இது பணப் பிரச்சினைதானே, எண்ணெய்ப் பிரச்சினை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பங்கில் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கிணற்றில் எண்ணெய் இல்லாமல் போனாலும், நாட்டிடம் டாலர் இல்லாமல் போனாலும், போர் வந்து கடல்வழி அடைபட்டாலும், அவர் முன்னால் தொங்குவது ஒரே பலகைதான்: 'பெட்ரோல் இல்லை'.

ஒரு லிட்டருக்குள் என்ன இருக்கிறது?

ஏன் இந்த ஒரு பொருள் குறைந்தால் மட்டும் எல்லாமே ஆட்டம் காண்கிறது? காரணம் அதில் அடங்கியிருக்கும் சக்தி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நம் கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட். ஒரு ஆரோக்கியமான ஆள் நாள் முழுக்க வியர்வை சிந்தி உடலுழைப்பு செய்தால், அதன் மதிப்பு ஒரு யூனிட்கூட வராது. முக்கால் யூனிட் வந்தாலே பெரிது. இன்ஜினில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிவிடும் என்பது உண்மைதான். கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் பெட்ரோல் செய்வது மூன்று ஆள் ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலை.

நூறு ரூபாய் சொச்சத்துக்கு மூன்று ஆள் கூலி! இப்படி ஒரு மலிவான வேலைக்காரனை நம்பித்தான் நம் நகரங்கள் இவ்வளவு தூரம் விரிந்தன. தாம்பரத்துக்கு அப்பால் வீடு, ஓஎம்ஆரில் வேலை, நாசிக்கிலிருந்து வெங்காயம், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட் எல்லாம் இதன் தயவு.

பெட்ரோல், டீசலோடு கதை முடிவதில்லை. சமையல் கேஸ், விமான எரிபொருள், கப்பல் எரிபொருள், ரோட்டுக்குப் போடும் தார், பெயின்ட், பிளாஸ்டிக், ஊசி மருந்து போடும் சிரிஞ்ச் வரை எண்ணெயின் பிள்ளைகள் நிறைய.

எது, எந்த வரிசையில் நின்றது?

இலங்கையின் 2022-ஐ மாதவாரியாகப் பார்த்தால், எண்ணெய் குறையும் சமூகம் எப்படி ஒவ்வொரு பல்லாகக் கழன்று விழுகிறது என்பது தெரியும்.

மார்ச்: பங்குகளில் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. வரிசையில் வெயிலில் காத்திருந்த முதியவர்கள் சிலர் மயங்கி விழுந்து இறந்தார்கள். பங்குகளில் ராணுவம் நிறுத்தப்பட்டது. மின் நிலையங்களுக்கு டீசல் இல்லை, அணைகளிலும் தண்ணீர் குறைவு. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. இறக்குமதிக் காகிதம் இல்லாமல் சில நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை நிறுத்தின.

ஏப்ரல், மே: சமையல் கேஸ் சிலிண்டர் வீதிகளில் வரிசை கட்டியது. நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு திரும்பி வந்தது.

ஜூன்: அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காரணம் இரண்டு. ஒன்று, பயண எரிபொருள் மிச்சம். இன்னொன்று, வீட்டுத் தோட்டத்தில் காய்கறி பயிரிடச் சொன்னது அரசு. மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்ற யாருக்கும் எரிபொருள் விற்பனை கிடையாது என்று இரண்டு வாரங்களுக்கு நிறுத்தினார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. வேலைக்கு வருவதற்கே பெட்ரோல் கிடைக்கவில்லை என்று மருத்துவத் துறை ஊழியர்கள் வீதியில் இறங்கினார்கள். கொழும்பிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

2021 டிசம்பரில் லிட்டர் 177 இலங்கை ரூபாயாக இருந்த பெட்ரோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 69.8% உயர்ந்திருந்தது.

ஜூலை 9-ம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஐந்து நாளில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். ஓர் ஆட்சி கவிழ எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குச் சந்தித்துப் பேசிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது என்றால், அது பங்கு வாசல் வரிசைதான்.

காருக்கு 20, ஆட்டோவுக்கு 5

அடுத்து வந்த கியூஆர் முறை வரிசைகளைக் குறைத்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கள்ளச்சந்தைக்கும் ஓரளவு கடிவாளம் போட்டது. ஆனால் ஆரம்பத்தில் அறிவித்த ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர். ஆட்டோவுக்கு 5 லிட்டர். காருக்கு 20 லிட்டர். பஸ்ஸுக்கு 40 லிட்டர்.

கார் பெரிய வண்டி, அதிகம் குடிக்கும், அதனால் அதிகம் கொடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு அது வசதி. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அதுதான் சோறு. லிட்டருக்கு 25 கி.மீ. கிடைக்கும் என்று தாராளமாகவே கணக்கு போட்டாலும், 5 லிட்டருக்கு 125 கி.மீ. ஆட்டோக்காரருக்கு அது ஒன்றிரண்டு நாள் சவாரி. மீதி நாளெல்லாம் குடும்பம் எதைச் சாப்பிடும்? எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஆட்டோவுக்கான அளவை உயர்த்தினார்கள். 2023 செப்டம்பரில் ஒதுக்கீட்டு முறையே விலக்கப்பட்டது.

மீனவர்களுக்கு இன்னொரு அடி. சிறு படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். ஏற்கெனவே தட்டுப்பாடு. 2022 ஆகஸ்டில் விலையை லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலாக 340 ரூபாய் ஆக்கினார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கும் ஏழை வீடுகளுக்கும் அதே விலைதான்.

ஒதுக்கீடு என்பது வெறும் கணக்கு இல்லை. யாருடைய பயணம் முக்கியம் என்று அரசு எடுக்கும் முடிவு அது. அந்த முடிவை நெருக்கடி நடுவில் அவசர அவசரமாக எடுத்தால், குரல் இல்லாதவர்கள் கடைசிக்குப் போய்விடுவார்கள்.

யாழ்ப்பாணம்: பெட்ரோல் வாசம் மறந்த ஊர்

2022-ல் கொழும்பு பட்டதை, யாழ்ப்பாணம் முப்பது வருடத்துக்கு முன்பே பட்டுவிட்டது.

1990-ல் போர் மறுபடி மூண்டபோது, வடக்குக்குப் போகும் பொருட்களுக்கு இலங்கை அரசு தடை விதித்தது. எரிபொருள் அந்தப் பட்டியலில் இருந்தது. பேட்டரியும் இருந்தது. மின்சாரம் போனது. போனது போனதுதான், வருடக்கணக்கில் வரவில்லை.

அந்தத் தலைமுறை ஈழத் தமிழர்களிடம் பேசினால் சில காட்சிகள் தவறாமல் வரும். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடிய பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டது. ஜாம் போத்தலில் செய்த சின்ன விளக்கில் துளி மண்ணெண்ணெய் விட்டுப் பரீட்சைக்குப் படித்தது. விறகு, மூட்டை, நோயாளி என்று எல்லாமே சைக்கிளில் போனது.

இதைக் கேட்கும்போது 'அடடா, என்ன ஒரு சமாளிப்பு' என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. மனுஷன் எதையும் தாங்கி வழி கண்டுபிடிப்பான் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது ஆசைப்பட்டு எடுத்த எளிய வாழ்க்கை இல்லை. திணிக்கப்பட்டது. அங்கே சைக்கிளில் போன நோயாளிகளில் எல்லோரும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் சொல்லும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எரிபொருள் ஓர் ஆயுதம். அதன் குழாய் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் ஒரு ஊரை இருட்டாக்கலாம்.

ஹவானா: எடை குறைந்தது, அது டயட் இல்லை

கிட்டத்தட்ட அதே நேரத்தில், உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு தீவு எண்ணெய் இல்லாமல் நின்றது. கியூபா.

சோவியத் ஒன்றியம் கியூபாவின் சர்க்கரையை வாங்கிக்கொண்டு சலுகையில் எண்ணெய் கொடுத்துவந்தது. 1991-ல் சோவியத் உடைந்தது. அமெரிக்கப் பொருளாதாரத் தடை வேறு. ஃபிடல் காஸ்ட்ரோ அரசு அதை 'சிறப்புக் காலம்' என்று அழைத்தது.

டிராக்டர்கள் நின்றன, உழவு மாடுகள் திரும்பின. சீனாவிலிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் வந்து இறங்கின. லாரியின் பின்னால் இழுத்துச் செல்லும் பிரம்மாண்டப் பெட்டியில் நூற்றுக்கணக்கானோர் அடைந்து பயணம் செய்தார்கள். ஒட்டகம் போல இரண்டு திமில் வைத்த அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயரும் ஒட்டகம்தான். ஹவானாவின் காலி மனைகளில் கீரையும் காய்கறியும் விளைந்தன.

இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சள் சீருடை போட்ட ஊழியர்கள் சாலையில் நிற்பார்கள். காலி இருக்கையோடு வரும் அரசு வாகனங்களை நிறுத்தி, காத்திருக்கும் மக்களை ஏற்றிவிடுவார்கள். காலி சீட்டோடு ஓடும் வண்டி வீணாகும் எண்ணெய் என்பது அதன் பொருள்.

கியூபா பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். 'எண்ணெய் இல்லாமல் எல்லோரும் நடந்தார்கள், ஒல்லியானார்கள், சர்க்கரை நோய் குறைந்தது' என்று. பாதி உண்மை. அந்த நெருக்கடிக் காலத்தில் மக்களின் உடல் எடை சராசரியாக 5% அளவுக்குக் குறைந்தது என்றும், பின்னாளில் சர்க்கரை நோய், இதய நோய் மரணங்கள் சரிந்தன என்றும் 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆய்வு வந்தது. மீதிப் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1992-93-ல் சத்துக் குறைபாட்டால் பார்வை மங்கி, கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள் 50,000-க்கும் அதிகம். 1994-ல் மட்டும் சுமார் 35,000 பேர் கையில் கிடைத்ததை வைத்துத் தெப்பம் கட்டி அமெரிக்கா நோக்கிக் கடலில் இறங்கினார்கள்.

இந்தக் கடைசிக் காட்சி நமக்குப் புதிதில்லை. 2022 மார்ச் முதல் மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி தனுஷ்கோடி கரையில் வந்து இறங்கியவர்களைப் பார்த்தோம். போருக்கு அஞ்சி வந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரை அது. இந்த முறை அவர்களைத் துரத்தியது அரிசி விலையும் வேலையில்லாத நாட்களும்.

சரி, நம்ம ஊருக்கு வந்தால்?

இந்தியா இலங்கை இல்லை. பெரிய பொருளாதாரம், பெரிய சுத்திகரிப்பு ஆலைகள், கையில் நல்ல டாலர் இருப்பு. ஆனால் நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. வீட்டு சிலிண்டருக்கான எல்பிஜியில் சுமார் 60% இறக்குமதி.

கையிருப்பு? விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அவசரகாலச் சேமிப்புக் குகைகள் அமைத்திருக்கிறார்கள். மூன்றும் முழுசாக நிரம்பினால் 53.3 லட்சம் டன். நாட்டின் ஒன்பதரை நாள் தேவைக்குச் சமம் என்பது அரசின் கணக்கு. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளில் இருப்பது தனி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உருவான சர்வதேச எரிசக்தி முகமை, தன் உறுப்பு நாடுகளிடம் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான இருப்பைக் கேட்கிறது.

இருப்பு இருந்தாலும் பயம் தனியாக ஓடும். 2024 ஜனவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? விபத்து ஏற்படுத்திவிட்டுத் தப்பினால் கடும் தண்டனை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டே நாள்தான். நாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பல மாநிலங்களில் பங்குகளில் கூட்டம் முண்டியடித்தது. சண்டிகரில் பைக்குக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று கட்டுப்பாடே போட்டார்கள். கியூஆர் கோடு இல்லை, மற்றபடி அதே கொழும்பு.

தமிழ்நாட்டில் உண்மையான தட்டுப்பாடு வந்தால் யார் எங்கே நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐடி வேலையில் இருப்பவர் லேப்டாப்பைத் திறந்து 'இன்றைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று மெயில் போடுவார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஊழியர் பெட்ரோலைச் சொந்தக் காசில் போடுகிறார். வண்டி நின்றால் அன்றைய வருமானம் பூஜ்யம். கோயம்பேட்டுக்குக் காய்கறி கொண்டுவருவது டீசல் லாரி. மழை பொய்த்த வருடம் சென்னைத் தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் டீசல் லாரி. நாகை, ராமேஸ்வரம் விசைப்படகுகள் நம்பியிருப்பது மானிய டீசலை. கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வீட்டு வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்களின் பயணமும் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது.

இவர்களில் யாருடைய வேலையையும் வீட்டிலிருந்து செய்ய முடியாது.

'எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிட்டா போதாதா?'

நல்ல விஷயம்தான். எண்ணெய்ச் சார்பு குறையும். ரயில் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டதும் நமக்கு ஒரு பலம். ஆனால் ஸ்கூட்டர் நம் பயணத்தை மட்டும் காப்பாற்றும். லாரி, கப்பல், விமானம், தார் எல்லாம் இன்னும் எண்ணெயில்தான். இலங்கையில் 13 மணி நேரம் கரன்ட் இல்லாத நாளில் சார்ஜர் வைத்திருந்தும் என்ன பயன்? பேட்டரிக்கான மூலப்பொருளுக்கும் நாம் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. குழாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

தூரத்தைக் குறைப்பது இதைவிட வலுவான காப்பு. வேலைக்குப் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகும் வீடு, அடிக்கடி வரும் பஸ், பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு பாதை, நடந்து போகிற தூரத்தில் ரேஷன் கடையும் ஆரம்ப சுகாதார நிலையமும். இவையெல்லாம் இருக்கும் ஊருக்குப் பெட்ரோல் குறைந்தால் தொந்தரவு. இல்லாத ஊருக்கு அது முடக்கம். இதில் ஒன்றைக்கூட தட்டுப்பாடு வந்த பிறகு ஒரு மாதத்தில் கட்டிவிட முடியாது.

இன்னொன்று, வரிசையை முன்கூட்டியே முடிவு செய்வது. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் முதலில் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. அடுத்தது யார்? பஸ்ஸா, காரா? தண்ணீர் லாரியா, விமானமா? ஆட்டோவுக்கு எத்தனை லிட்டர், சொந்தக் காருக்கு எத்தனை? இதைச் சாதாரண நாளில், எல்லோரும் நிதானமாக இருக்கும்போது, சட்டமன்றத்திலும் நகரமன்றத்திலும் பேசி எழுதி வைக்கலாம். இல்லையென்றால் பங்கு வாசலில், வெயிலில், முண்டியடிக்கும் கூட்டத்தில் அது முடிவாகும். அங்கே ஜெயிப்பது யார் என்று நமக்குத் தெரியும்.

அடுத்த முறை யாராவது 'உலகத்தில் எண்ணெய் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்?' என்று ஒரு வீடியோ அனுப்பினால் பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டு ஆரம்பத்தில் போட்ட அந்த 4 லிட்டர் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். எந்த நாள் வண்டி நிற்கிறது என்று தெரியும். பிறகு உங்கள் வீட்டுக்குப் பால் போடுகிறவருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும், தெருமுனை ஆட்டோ அண்ணனுக்கும் அதே கணக்கைப் போடுங்கள்.

உங்களுக்கு வெள்ளிக்கிழமை. அவர்களில் பலருக்குச் செவ்வாய்க்கிழமையே நின்றுவிடும்.